கியோட்டோவில் கோயில் குளம்

எங்கள் வீட்டில் கோயில் மனைவியின் இலாகா. செருப்பு என் இலாகா. பிரதோஷமோ ஆடி வெள்ளியோ, என் பக்தி வாசலோடு சரி. இரண்டு ஜோடிச் செருப்புக்குக் காவலாக நின்றுகொண்டு பேப்பர் மேய்வதில் உள்ள சுகம், உள்ளே போய் நெரிசலில் நசுங்குகிறவர்களுக்குத் தெரியாது.

2019-இல் ஜப்பான் போவதென்று முடிவானபோது, புல்லட் ரயில், ரோபோ என்று நான் கனவில் இருந்தேன். பேக்கேஜைத் தேர்ந்தெடுத்தவள் அவள். டோக்கியோவுக்கு ஒரே நாள். மிச்சமெல்லாம் கியோட்டோ, நாரா. கியோட்டோவில் புத்த கோயில்கள் மட்டுமே ஆயிரத்துக்கும் மேல் என்று விமானத்தில் ஏறிய பிறகு சொன்னாள். பரவாயில்லை, செருப்பு இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். அதிலும் மண். அங்கே வாசலில் அலமாரி இருக்கிறது, இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பை கொடுத்துக் கையோடு எடுத்துப் போகச் சொல்கிறார்கள். காவலுக்கு ஆள் தேவையில்லை. உத்தியோகம் போன மனுஷன் என்ன செய்வான்? உள்ளே போனேன்.

முதலில் ஃபுஷிமி இனாரி கோயில். இனாரி, நெல்லுக்கும் வியாபாரத்துக்கும் உரிய தெய்வம். மலையேறும் பாதை நெடுகச் செந்நிற மரத் தோரண வாயில்கள், கிட்டத்தட்ட பத்தாயிரம். இறங்கும்போது பார்த்தால் தூண்களின் பின்பக்கம் முழுக்கக் கருப்பு எழுத்து. ஏதோ மந்திரம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனேன். கொடுத்த கம்பெனிகளின் பெயர், கொடுத்த தேதி என்றார் கைடு. "அட, உபயம்!" என்றாள் மனைவி. வெளிச்சம் வராத அளவுக்குப் பேர் எழுதிய நம்மூர் கோயில் ட்யூப்லைட் ஞாபகம் வந்ததும் எனக்கு அந்த மலை சொந்த ஊராகிவிட்டது.

ரியோஆன்-ஜி கோயில் தோட்டத்தில் வெள்ளைச் சரளைக்கு நடுவே 15 கற்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு கல்லாவது மறைந்துவிடும். வந்தவர்களெல்லாம் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருக்க, எங்கள் கோஷ்டியில் இருந்த ரிட்டையர்ட் ஆடிட்டர் மட்டும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து நடந்து எண்ணினார். "பதினாலுதான் டேலி ஆகுது." மனிதனுக்கு முழுமை எட்டாது என்பதைக் காட்டவே இப்படி என்று கைடு விளக்கப் பார்த்தார். "இதை ஜிஎஸ்டி ஆபீஸ்ல சொல்லிப் பாருங்க" என்றார் ஆடிட்டர் எங்களிடம் தமிழில். கைடுக்கு அது ஆன்மிகமாகத் தோன்றியிருக்க வேண்டும், குனிந்து வணங்கினார்.

கியோமிசு கோயிலில் மூன்று அருவித் தாரைகள். ஆயுள், படிப்பு, காதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன் சொல்கிறார்கள். நீளக் கைப்பிடி வைத்த கரண்டியால் பிடித்துக் குடிக்க வேண்டும். மூன்றையும் குடித்தால் பேராசையாம். மனைவி பையிலிருந்து பாட்டிலை எடுத்துவிட்டாள்.

"பேராசைன்னு சொன்னாரே?"

"ஒருத்தரே குடிச்சாத்தாங்க பேராசை. படிப்பு, நீட் எழுதப்போற பேரனுக்கு. ஆயுசு உங்களுக்கு."

"காதல்?"

"தள்ளி நில்லுங்க, பின்னாடி வரிசை நிக்குது."

நாராவின் தோதாய்-ஜி கோயிலில் சுமார் 15 மீட்டர் உயர வெண்கல புத்தர். நிஜமாகவே வாயடைத்து நின்றேன். 752-இல் அவருக்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. கண்ணை வரைந்த தூரிகையில் நீளக் கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்களும் அவற்றைப் பிடித்துக்கொண்டார்களாம். இதைக் கேட்டதுதான் தாமதம், "நம்ம தமிழ்நாட்டு ஆளாத்தான் இருக்கும்" என்றார் ஒருவர். பஸ்ஸுக்கு வருவதற்குள் போதிசேனர் மதுரைக்காரர் ஆகிவிட்டார். ராத்திரி சாப்பாட்டின்போது அவருக்கு மேலமாசி வீதியில் வீடு இருந்தது.

அதே மண்டபத்தில் ஒரு தூணின் அடியில் ஓட்டை, புத்தரின் மூக்குத் துவார அளவாம். அதில் நுழைந்து வெளியே வந்தால் ஞானம் நிச்சயம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வழுக்கிக்கொண்டு போனார்கள். நான் ஓட்டையைப் பார்த்தேன், என் வயிற்றைப் பார்த்தேன். மனைவி இரண்டையும் பார்த்துவிட்டு, "வாங்க, மான் பார்க்கலாம்" என்றாள்.

நாரா மான்கள் கசுகா கோயில் தெய்வத்தின் தூதர்கள். ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன, சுதந்திரமாகத் திரிகின்றன. தவிட்டு பிஸ்கெட்டைக் காட்டினால் தலையைக் குனிந்து வணங்கும். கொடுக்கத் தாமதித்தால் மரியாதையெல்லாம் போய்ச் சட்டையைப் பிடித்து இழுக்கும். ஒன்று என் கையிலிருந்த பயண நிரலை உருவி மென்றுவிட்டது. மறுநாள் பார்க்க வேண்டிய நான்கு கோயில்களும் என் கண்ணெதிரே மான் வயிற்றுக்குள் போயின. தெய்வத்தின் தூதரை நான் ஏன் தடுக்க வேண்டும்? ஆனால் கைடின் போனில் நகல் இருந்தது.

ஆகவே நாராவுக்குப் போகிறவர்களே, காகிதத்தைப் பைக்குள் பத்திரமாக வையுங்கள். என்னைப் போன்றவர்கள் கையிலேயே வைத்திருக்கலாம். அதற்கு முன் கைடின் போனில் நகல் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.