காசு கட்டி லயத்துக்குப் போவது

மெல்பேர்னிலிருந்து அக்கா மகன் அனுப்பிய விண்ணப்பப் படிவம் ஒன்று என் வாட்ஸ்அப்பில் வந்து கிடக்கிறது. பனிமலையில் சறுக்கப் போகிறவர்கள் கூடிச் சேர்ந்து, தங்களுக்கென்று ஒரு விடுதி வைத்து நடத்தும் சங்கமாம். அதில் அவன் சேர்ந்துவிட்டான். அது அவன் பாடு. இப்போது என்னையும் சேரச் சொல்கிறான். நான் இருப்பது ஹேவாஹெட்டவில். எனக்கும் சறுக்கத் தெரியும். மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு இறங்குகிற குறுக்குப் பாதையில் நடக்கும் எவனுக்கும் தெரியும். அதற்கு இதுவரை யாரும் சந்தா கேட்டதில்லை.

சேருவதற்குப் பயந்தவன் இல்லை நான். நம்மில் யார்தான் பயந்தோம்? கோயில் பரிபாலன சபை, மரணாதார சங்கம், பழைய மாணவர் சங்கம், சனசமூக நிலையம், தொழிற்சங்கம். பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு ஒருவர் வாசலில் நின்றால் எதற்கென்று கேட்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். எந்தத் தொழிற்சங்கத்தில் இருக்கிறோம் என்பதே சம்பளத்தில் பிடித்த பிறகுதான் சிலருக்குத் தெரியவரும். சித்திரையில் ஒரு சங்கம் உடைந்தால் தைக்குள் இரண்டு சங்கமாகும். இரண்டிலும் நாம் இருப்போம். அப்படிப்பட்ட நான் இதில் மட்டும் ஏன் சேரவில்லை என்றால், மூன்று காரணம் உண்டு. மூன்றாவதுதான் முக்கியமானது.

முதலாவது, உயரம். விடுதி இருக்கும் மவுண்ட் புல்லர் 1805 மீற்றர். படத்தை அனுப்பி, “எவ்வளவு உயரம் பாருங்க மாமா” என்கிறான். நுவரெலியாப் பட்டணமே ஏறத்தாழ 1868 மீற்றர். அங்கே நாம் லீக்ஸ் வாங்கப் போகிறோம். அவுஸ்திரேலியப் பெருநிலத்திலேயே உயர்ந்த சிகரம் கொசியஸ்கோ, 2228 மீற்றர். நம் பிதுருதலாகல 2524. உயரமெல்லாம் நம்மிடம், பனியெல்லாம் அவர்களிடம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பிறந்த குற்றம். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் புல்லில் உறைபனி கொஞ்சம் வெள்ளையாகப் படியும். கொழும்பிலிருந்து வான் பிடித்து வந்து படம் எடுப்பார்கள். வெயில் ஏறினால் அதுவும் போய், கருகின கொழுந்துதான் மிச்சம். இருக்கிற குளிருக்கே ஆயுசு முழுக்கக் கம்பளி போர்த்தியவனிடம், இன்னும் கொஞ்சம் குளிர் தருகிறோம், காசைக் கட்டு என்றால் எப்படி?

இரண்டாவது, அந்த வீடு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எப்படி இருக்கும் என்று கேட்டேன். நீளமாக ஒரே கட்டடம் என்றான். நடுவே நடை, வரிசையாக அறைகள். ஓர் அறையில் நாலு பேர், மேலே இரண்டு கீழே இரண்டு. குளிக்கிற இடம் பொது. அடுப்படி பொது. ஈரத்துணி காயப்போட ஓர் அறை, அதுவும் பொது. பக்கத்து அறைக்காரர் இருமினால் இங்கே கேட்குமா என்றேன். நன்றாகக் கேட்கும் என்றான்.

“டேய், இது லயம்டா.”

“லயம் இல்ல மாமா, லொட்ஜ்.”

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பிறந்தவனிடம் வந்து லயம் இல்லை என்கிறான். அவன் அம்மாவும் அதே காம்பராவில்தான் பிறந்தாள். அந்தக் காம்பராவை விட்டு வெளியே வர எங்கள் அப்பா பட்ட பாடு கொஞ்சமில்லை. கடன் வாங்கி, காணித் துண்டு வாங்கி, கல் சுமந்து, கடைசியில் தனியாக ஒரு கக்கூஸ் கட்டியபோது ஊரைக் கூப்பிட்டுப் பால் காய்ச்சாத குறை. பேரன் டொலர் கட்டி, அந்தப் பொதுக் கக்கூஸ் வரிசைக்கே திரும்பிப் போகிறான். அதுவும் சேரும்போது ஒரு தொகை, வருடத்துக்கு ஒரு தொகை, தங்குகிற இரவுக்கு ஒரு தொகை.

லயத்தில் இல்லாத சட்டமும் அங்கே உண்டு. குளிர்சாதனப் பெட்டியில் அவரவர் சாமானுக்குப் பேர் ஒட்ட வேண்டும். சப்பாத்தோடு உள்ளே வரக்கூடாது. இரவு இத்தனை மணிக்கு மேல் சத்தம் கூடாது. “கருவாடு?” என்று என் மனைவி பின்னாலிருந்து கேட்டாள். “ஐயோ அத்தை, அதெல்லாம் வறுக்கக்கூடாது.” “அப்ப லயமே மேல்” என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். சரிதானே? முதலாம் காம்பராவில் கருவாடு வறுத்தால் ஆறாம் காம்பராவரை வெறும் சோறு இறங்கும். வாசனைக்குப் பேர் ஒட்டி அலுமாரியில் பூட்டி வைத்த லயம் எதுவும் இந்த மலையில் இல்லை.

அடுத்தது வேலை. கூட்டுவது, கழுவுவது, குப்பை கொண்டுபோவது என்று பட்டியல் சுவரில் தொங்குமாம். அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பார். அவருக்கு இங்கிலீஷில் கப்பலோட்டி போல ஒரு பட்டம் கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அவர் கங்காணி. இதோடு விட்டாலும் பரவாயில்லை. ஜூனில் தொடங்கி ஒக்டோபர் முதல் வாரம்வரை பனிக்காலம். அது முடிந்து வெயில் வந்ததும் உறுப்பினர் எல்லாரும் மலையேறிப் போய்ச் சுவருக்குச் சாயம் பூச வேண்டும், பீலி துப்புரவாக்க வேண்டும், விறகு பிளந்து அடுக்க வேண்டும். வந்தவனுக்குப் பேர் போடுவார்கள். பாதியில் கழன்றவனுக்கு அரைப்பேர். வராதவனுக்குத் தண்டம். இதைக் கேட்டதும் எனக்குத் துரைமார்மேல் இரக்கமே வந்துவிட்டது. என் தாத்தாவுக்குப் பேர் போட்டுச் சம்பளம் கொடுத்தார்கள். இவனுக்குப் பேர் போட்டு இவனிடமே காசு வாங்குகிறார்கள். நூற்றைம்பது வருடம் தோட்டம் நடத்தியும் துரைமாருக்குத் தோன்றாத யோசனை!

துரைமார் என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் லூல்கந்துர. அங்கேதான் 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த கல்லாசனத்தை இன்றைக்கும் ஆட்கள் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். குனிந்து தேயிலை நட்டவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்று யாரும் தேடுவதில்லை. அவர்களை உட்கார விட்டால்தானே. பிறகு 1876 இல் நுவரெலியாவில் துரைமாருக்கென்று ஹில் கிளப் வந்தது. இராச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும். அங்கத்தவர் அல்லாதவர் உள்ளே போகத் தற்காலிக அங்கத்துவம். சுதந்திரம் கிடைத்த மறுநாளே நம் நாட்டவரைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அதற்கு இன்னும் காலம் பிடித்தது.

நாங்களும் சேர்ந்தோம். 1940 ஜனவரியில், இதே ஹேவாஹெட்டவின் முல்லோயாத் தோட்டத்தில், சங்கம் வைத்துச் சம்பளம் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். சங்கத்தில் சேர்ந்ததற்கு இந்த ஊர் கட்டிய சந்தா அது. சிரிக்க எழுதுகிற இடத்தில் இது எதற்கு என்று கேட்பீர்கள். படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: இதற்கு முன் சங்கங்களில் அனுபவம் உண்டா? அதற்குப் பதில் எழுத இரண்டு கோடுதான் விட்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு மருமகன் கடைசி அம்பை எடுத்தான். “ஆனா மாமா, இது நம்ம சொந்தம்.”

“காணி யாருது?”

கொஞ்சம் யோசித்தான். “காணி அரசாங்கத்தோடது. குத்தகை.”

இதைக் கேட்க மெல்பேர்னுக்கு ஏன் போக வேண்டும்? இங்கேயும் அதுதான். 1972, 1975 என்று காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992 இல் கம்பெனிகளிடம் ஒப்படைத்தது. கம்பெனிகள் குத்தகைக்கு நடத்துகின்றன. காணி அரசாங்கத்துக்கு, தேயிலை கம்பெனிக்கு, கூரை ஒழுக்கு எங்களுக்கு. மலையகத்தில் இந்தியா கட்டித் தந்த வீடு 4000. 2017 இல் நோர்வூட்டுக்கு வந்த மோடி இன்னும் 10,000 என்றார். ஏழு பேர்ச் காணி என்று கேட்டுக் கேட்டு எங்கள் தலைவர்களுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இங்கே ஒரு லயத்துக் கூரைத் தகரம் மாற்ற வேண்டுமென்றால் கண்டாக்கையாவிடம் சொல்லி, அவர் சின்னதுரையிடம் சொல்லி, அவர் பெரியதுரையிடம் சொல்லி, அவர் கொழும்புக்கு எழுத வேண்டும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். அவர்கள் லயத்திலோ கூட்டத்தில் கை தூக்கினால் போதும், கூரை மாறிவிடுகிறதாம். அரசாங்கக் காணியில், குத்தகையில், லயத்தில் இருப்பவன் கை தூக்கிக் கூரை மாற்றுகிறான்! இரண்டு நாடும் ஒரே வெள்ளைக்காரனிடம்தானே சட்டம் படித்தன? எனக்கு வந்த எரிச்சலில் போனை வைத்துவிட்டேன்.

மறுபடி எடுத்தான். இரண்டு பேர் முன்மொழிந்து வழிமொழிய வேண்டும், ஒருவன் அவன், இன்னொருவரை அவனே பிடிப்பானாம். என்னைக் கண்ணாலும் காணாத ஒரு வெள்ளைக்காரர், இவர் நல்ல மனுஷன், சமைத்த சட்டியைக் கழுவி வைப்பார் என்று கையெழுத்துப் போடுவார். கழுவுவேனா என்று என் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மூன்றாவது காரணம் பாக்கி இருக்கிறது. அதற்கு முன் அவனிடம் நான் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

“சாவி யார்கிட்ட இருக்கும்?”

அனுபவசாலி கேட்கும் கேள்வி இது. எங்கள் சனசமூக நிலையத்துச் சாவி முன்னாள் செயலாளரிடம் இருக்கிறது. அவர் கோபித்துக்கொண்டு வேறு சங்கம் தொடங்கிவிட்டார். உள்ளே ஒரு கரம் போர்டும் எலிகளும் இருக்கின்றன. இப்போது எலிகள்தான் நிரந்தர அங்கத்தவர்.

“சாவியே இல்ல மாமா. கதவுக்கு ஒரு நம்பர். உறுப்பினர் எல்லாருக்கும் தெரியும். கணக்கும் அப்படித்தான், யாரும் எப்பவும் பார்க்கலாம்.”

மூன்றாவது காரணம் இதுதான். சாவியும் இல்லை, கணக்கிலும் மர்மம் இல்லை என்றால் கூட்டத்தில் எதைப் பற்றிச் சண்டை போடுவது? இரண்டாவது சங்கம் எப்போது உடைந்து பிறக்கும்? உப செயலாளர் பதவியாவது காலியாக இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். வெறும் அங்கத்தவனாகப் போய்ப் பீலி கழுவ எனக்கென்ன தலைவிதி?