விமானத்துக்குத் தடை வந்தால் டிக்கெட் பணத்தைத் தொலைப்பது எப்படி?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துச் சனங்கள் வானத்தை நம்பிப் பணம் போட்டுப் பழகியவர்கள். மானாவாரிக்கு விதைத்துவிட்டு மேகத்தைப் பார்ப்பதும், துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டு அரசு அறிவிப்பைப் பார்ப்பதும் ஒரே வேலைதான். அடுத்த கொள்ளைநோய் வரும்போது தடுமாறாமல் பணத்தை இழக்க, கொரோனா காலம் கற்றுத்தந்த ஆறு வழிகளும் ஓர் எச்சரிக்கையும் இங்கே.

1. முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள். வெளிநாட்டு விமானங்களை 2020 மார்ச் 22 முதல் ஒரு வாரத்துக்கு என்றுதான் நிறுத்தினார்கள். வழக்கமான சேவை திரும்பியது 2022 மார்ச் 27-இல். இடையில், 2020 ஏப்ரல் 16-இல் விமானப் போக்குவரத்து அமைச்சகம் ஓர் அறிவுரை வெளியிட்டது. ஊரடங்கு நாளில் டிக்கெட் எடுத்து ஊரடங்கு நாளிலேயே பறக்க நினைத்தவருக்கு மூன்று வாரத்தில் முழுப்பணம். பொங்கலுக்கு வந்த கையோடு, ஜனவரியிலேயே எடுத்துவைத்த பொறுப்பான மனிதருக்கு அதில் இடமில்லை.

2. ஏஜென்டிடம் ரொக்கமாகக் கொடுங்கள். ரசீது கேட்டு உறவைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஏஜென்ட் எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் அவர் கணக்குக்குத்தான் திரும்பும், அதை அவர் உடனே பயணிக்குத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. "கம்பெனிலருந்து இன்னும் வரல அண்ணாச்சி, வந்ததும் நானே கூப்பிடுறேன்" என்றால், "சரிப்பா" என்று டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

3. 'கிரெடிட் ஷெல்' என்றதும் தலையாட்டுங்கள். பிரவாசி லீகல் செல் என்ற அமைப்பின் வழக்கில் 2020 அக்டோபர் 1-இல் வந்த அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, கையில் காசில்லாத விமான நிறுவனம் உங்கள் பணத்தை 2021 மார்ச் 31 வரை வரவாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு 2020 ஜூன் வரை மாதம் 0.5 சதவீதம், அப்புறம் 0.75 சதவீதம் கூட்டித்தர வேண்டும். நம்மூர்க் கணக்கில் அரை வட்டி, முக்கால் வட்டி. டிக்கெட்டுக்காக நீங்கள் வாங்கிய கடன் இரண்டு வட்டியா மூன்று வட்டியா என்பது உங்கள் பாடு. அந்த வரவை வேறொருவருக்கு மாற்றித்தரலாம், மிச்சத்தைக் கெடு முடிந்ததும் பணமாகவே வாங்கலாம் என்றெல்லாம் தீர்ப்பில் இருந்தது. படித்தால் தூக்கம் கெடும்.

4. தடைச் செய்தி கேட்டதும் உங்கள் கையாலேயே ரத்து செய்யுங்கள். விமானத்தை நிறுவனம் ரத்து செய்யும்வரை பொறுத்தால் முழுப்பணம் கேட்க நேரும். முந்திக்கொண்டால் கட்டணம் போக மிச்சம்தான்.

5. ஒரு டிக்கெட்டோடு நிற்காதீர்கள். 2021 ஏப்ரல் 24 நள்ளிரவில் ஐக்கிய அரபு அமீரகம் இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குக் கதவடைத்தது. பத்து நாள் என்றார்கள். ஆகஸ்டில்தான், அதுவும் சிலருக்குத் திறந்தார்கள். விசா போய்விடும் என்ற பயத்தில் பலர் மூன்றாவது நாடொன்றில் 14 நாள் தங்கிச் சுற்றிப்போனார்கள். புது டிக்கெட், ஓட்டல் பில், பரிசோதனைச் செலவு என்று ஏறும்போது பழைய டிக்கெட் பணம் தானாக மறந்துபோகும்.

6. அமெரிக்கச் செய்திகளைப் படிக்காதீர்கள். அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2022 நவம்பரில் ஏர் இந்தியா பயணிகளுக்கு 12.15 கோடி டாலர் திரும்பக் கிடைத்ததையும், தாமதத்துக்காக அந்நிறுவனத்துக்கு 14 லட்சம் டாலர் அபராதம் போட்டதையும் அறிவித்தது. அதிகாரி அதட்டினால் பணம் வரும் என்று தெரிந்தால் நமக்கும் ஆசை வந்துவிடும்.

எச்சரிக்கை: நுகர்வோர் ஆணையத்துக்கு மட்டும் போய்விடாதீர்கள். விமான நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நமக்கு அந்த ஆணையம் இருப்பது திருவில்லிபுத்தூரில். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். டிக்கெட், பணம் கட்டிய அத்தாட்சி, விமானம் ரத்தான குறுஞ்செய்தி மூன்றையும் பத்திரமாக வைத்திருந்து வழக்குப் போட்டு, கடைசியில் பணம் வந்து தொலைத்தால் எங்களைக் குறை சொல்லக் கூடாது.