1,500 குதிரைகளும் ஒரு குப்பை லாரியும்

புகாட்டி சிரோன் காருக்கு 1,500 குதிரைத்திறன். இருக்கட்டுமே! சிக்னலில் முன்னால் குப்பை லாரி நின்றால், அத்தனை குதிரையும் அதன் பின்புறத்தை முகர்ந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். லாரி விலகினாலும் வேக வரம்பு விடாது: ஜப்பானில் வேகப் பலகை இல்லாத சாதாரணச் சாலையில் பொதுவாக 60 கிலோமீட்டர்தான் உச்சம். அந்த ஊர் மாஸ்டா 1989-இல் எம்எக்ஸ்-5 காரை விட்டது: 1.6 லிட்டர் எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, மடக்குக் கூரை, இரண்டே இருக்கை (மாமியாருக்கு இடமில்லை; அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை). இரண்டாவது கியரில் எஞ்சினைக் கதறவிட்டு வளைவில் திருப்பினால், பந்தயத்தில் ஜெயித்த பூரிப்பு. மீட்டரில் பார்த்தால் 58!

பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் அசரமாட்டார். அவருக்காகத்தான் கார் என்றால், தயங்காமல் புகாட்டியே வாங்குங்கள். வாங்கி வாசலிலேயே நிறுத்தி வையுங்கள்.