ஷட்டர் இல்லாத கடை

எங்கள் கடைக்கு இரண்டு ஷட்டர். காலை ஒன்பதரைக்கு ஒன்றை அப்பா தூக்குவார், இன்னொன்றை நான். ராத்திரி எட்டரைக்கு இறக்கிப் பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு பைக்கில் உட்காருவோம். வண்டி கிளம்புமுன் அப்பா இறங்கிப் போய் நாலாவது தடவை இழுத்துப் பார்ப்பார். அதோடு அன்றைய வியாபாரம் முடிந்தது. முப்பது வருஷமாக கோயமுத்தூரில் இப்படித்தான் கிரைண்டர் விற்றுக்கொண்டிருந்தோம், அக்கா மகன் அந்தப் பச்சைப் பொத்தானைக் கொண்டுவந்து வைக்கும்வரை.

அதற்கு முன்பும் கடைக்கு ஒரு வெப்சைட் இருந்தது. அதில் 'எங்களைத் தொடர்புகொள்ள' என்று ஒரு படிவம். பெயர், ஈமெயில், பொருள், விவரம் என்று நாலு கட்டம். ஒரு வருஷத்தில் பதினேழு பேர் அதை நிரப்பியிருந்தார்கள். பதினாறு பேர் எங்கள் வெப்சைட்டை கூகுளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்தார்கள். பதினேழாவது ஆள் என் மச்சான். படிவம் வேலை செய்கிறதா என்று பார்த்தாராம்.

"இன்னிக்கு யாரு மாமா ஈமெயில் பண்றாங்க? ஒரு வாட்ஸ்அப் பட்டன் போட்டா முடிஞ்சுது" என்றான் அக்கா மகன். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அம்மா ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜி கொண்டுவந்து வைத்தாள். பஜ்ஜி தீர்வதற்குள் பட்டன் தயார். பக்கத்தின் வலது கீழ் மூலையில், நாம் எங்கே உருட்டினாலும் கூடவே வரும் பச்சை வட்டம். முதல் நாள் அது 'ஆர்டர் செய்ய' என்ற எழுத்தின் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டது. ஆர்டர் செய்யவிடாமல் பேசக் கூப்பிடும் கடை எங்களுடையது மட்டுமாகத்தான் இருக்கும். அப்பா பார்த்துவிட்டு, "பொட்ட நெத்தியில வைடான்னா கன்னத்துல வெச்சிருக்கான்" என்றார்.

பதினொரு நாள் ஒரு ஈ காக்கை வரவில்லை. ஆடி மாசம், மார்க்கெட் டல் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு அக்கா போன் செய்து, "அதை அமுக்குனா இந்த நம்பர் வாட்ஸ்அப்லயே இல்லைன்னு வருதுடா" என்றாள். விஷயம் இதுதான். அந்த இணைப்பில் எண்ணைக் கொடுக்கும்போது நாட்டுக் குறியீடு முதலில் வரவேண்டும். கூட்டல் குறி, முன்னால் சைபர், நடுவில் கோடு எதுவும் ஆகாது. பையன் 91 போட மறந்துவிட்டான். என் எண் பழைய பிஎஸ்என்எல், 9443 என்று ஆரம்பிக்கும். 94 இலங்கையின் குறியீடு. ஆகமொத்தம் பதினொரு நாளாக எங்கள் பட்டன் கடல் தாண்டிப் போய் இலங்கையில் கிரைண்டர் கடையைத் தேடிக்கொண்டிருந்தது.

அடுத்து, முன்கூட்டியே எழுதிவைக்கும் வாசகம். பட்டனைத் தட்டுகிறவர் யோசித்து எழுதச் சிரமப்படக் கூடாது என்று நாமே ஒரு வரியை உள்ளே வைத்துவிடலாம். பையன் இங்கிலீஷில் வைத்திருந்ததை நான் தமிழில் மாற்றச் சொன்னேன். 'வணக்கம், எனக்கு ஒரு கிரைண்டர் வேண்டும்.' இணைப்புக்குள் தமிழ் எழுத்து அப்படியே போகாதாம். 'வணக்கம்' என்ற ஒரு சொல் விழுக்காட்டுக் குறியும் எண்ணும் எழுத்துமாக 63 எழுத்துக்கு நீண்டது. அப்பா திரையைப் பார்த்து, "ஒரு கும்பிடு போட இத்தனை நீளமா?" என்றார். அதைவிடப் பெரிய சங்கடம் பின்னால் வந்தது. குறை சொல்ல வருகிறவர்களும் அதே பட்டனைத்தானே அமுக்குகிறார்கள்? அந்த வரியை யாரும் அழிப்பதில்லை. 'எனக்கு ஒரு கிரைண்டர் வேண்டும்' என்று எழுத்தில் வரும். அடுத்த வினாடி அதே எண்ணிலிருந்து குரலில் வரும்: "உங்க கடைக் கிரைண்டர் இனி ஏழு ஜென்மத்துக்கும் வேண்டாமுங்."

தனி சிம் எதற்கு, வீண் செலவு என்று என் சொந்த எண்ணையே பிசினஸ் கணக்காக மாற்றியது என் புத்திசாலித்தனம். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018 ஜனவரியில் வந்தது. என் கைக்கு வர ஆறு வருஷம் ஆனது. அதில் வரவேற்பு வாசகம் என்று ஒரு வசதி உண்டு. புதிதாக எழுதுகிறவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி எழுதுகிறவருக்கும் அது தானாகவே போகும். சொந்தக்காரர்களில் எத்தனை பேரோடு நாம் பதினாலு நாளுக்கு ஒருமுறை பேசுகிறோம்? ஒரு விடியற்காலை காங்கயம் பெரியப்பாவிடமிருந்து செய்தி: 'எங்க மாமியார் தவறிட்டாங்க. பத்து மணிக்கு எடுக்கறோம்.' நான் தூக்கத்தில் இருந்தேன். என் போன் விழித்திருந்தது. உடனே பதில் போட்டிருக்கிறது: 'வணக்கம்! எங்களை நாடி வந்தமைக்கு மிக்க மகிழ்ச்சி. தாங்கள் விரும்புவது டேபிள் டாப்பா, டில்டிங்கா?'

மாலையோடு போய் நின்றேன். பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "டில்டிங்கே இருக்கட்டும் தம்பி. எனக்குக் குனிய முடியறதில்ல" என்றார். அன்று சாயங்காலமே வரவேற்பு வாசகத்தை அணைத்துவிட்டு, மறுநாள் தனி சிம் வாங்கினேன். டில்டிங் ஒன்றும் காங்கயத்துக்குப் போனது. காசு வாங்க மனசு வரவில்லை.

91 சேர்ந்ததும் ஆட்கள் வந்தார்கள். வந்தார்கள் என்றால் மாட்டுத்தாவணி மாதிரி. 'ரேட்?' 'ரேட் பிளீஸ்.' வெறும் கேள்விக்குறி. ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு 'ஷாப் ஓப்பனா?' ஓப்பன் என்றால் கிளம்பி வரப்போகிறாரா? ஷட்டர் இருந்தவரைக்கும் மூடின கடையிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. இதற்கு ஷட்டர் கிடையாது. செய்தியைத் திறந்தால் நீல டிக் விழுந்துவிடும், பதில் சொல்லாவிட்டால் மரியாதைக் குறைச்சல். அதனால் திறக்காமலே மேலோட்டமாகப் படிக்கும் கலையைக் கற்றேன். கல்யாணப் பத்திரிகையைக் கவரைப் பிரிக்காமல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்கும் கலைதான் அது.

காலை ஐந்தரைக்கு ரோஜாப்பூ, விநாயகர், 'இனிய செவ்வாய்'. ஒரு தடவை பெல்ட் வாங்கிய மேட்டுப்பாளையத்துக்காரர் ஒருவர் எட்டு மாசமாகத் தவறாமல் அனுப்புகிறார். அதற்கடுத்து வாரண்டி விசாரணை. அன்னூர் அம்மா ஒருவர் கிரைண்டர் படம் அனுப்பி வாரண்டி கேட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 2011-இல் அரசு மிக்சி, மின்விசிறியோடு சேர்த்துக் கொடுத்த விலையில்லா கிரைண்டர். "இது நாங்க கொடுத்ததில்லீங்கம்மா" என்றேன். "அப்ப நீங்க யாருங்?" என்று கேட்டார். யோசிக்கவேண்டிய கேள்விதான்.

நான் எதிர்பார்க்காதது சத்தம். கிரைண்டருக்கு என்ன நோவு என்று எழுத்தில் சொல்ல யாருக்கும் வராது. கடைக்கு நேரில் வந்தாலே வாயால் 'கர்ர்ர்... டொக்... கர்ர்ர்' என்று நடித்துக் காட்டுவார்கள். வாட்ஸ்அப்பில் அந்தச் சிரமம் இல்லை. கிரைண்டரை ஓடவிட்டு, போனைப் பக்கத்தில் பிடித்து, அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு சத்தம் வரும். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

எங்கள் ஃபிட்டர் அண்ணனுக்கு அப்படியில்லை. அப்பா காலத்து ஆள், வெப்சைட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. கையில் கிரீஸ் இருப்பதால் போனைத் தொடமாட்டார். நான்தான் அவர் காதருகே பிடிக்கவேண்டும். கண்ணை மூடிக்கொள்வார். கச்சேரியில் முன்வரிசை மாமாக்கள் மாதிரி தலை மெல்ல ஆடும். "பெல்ட் தொய்ஞ்சுபோச்சு, கீச்சுங்குது பாரு." அடுத்தது. "பேரிங். உள்ள கரகரன்னு மணல் போட்ட மாதிரி இருக்குதா?" அடுத்தது. "மோட்டார் ம்ம்ம்னு மொனகுது, ட்ரம் நகரல. கெபாசிட்டர் போயிருச்சு. கையில லேசாத் தள்ளிவிட்டா ஓடும், ஆனா தள்ளச் சொல்லாத." நேரில் போய்ப் பார்த்தால் பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும்.

ஒருவர் பதினாலு வினாடி ஒலி அனுப்பினார். ஒன்றுமே கேட்கவில்லை. தூரத்தில் ஒரு காக்கா கத்தியது. கடைசியில் அவர் குரல்: "கேட்டீங்ளா? இதுதானுங் பிரச்சனை." கிரைண்டர் ஓடவில்லை. அது ஓடாமல் இருப்பதை ஒலிப்பதிவு செய்து அனுப்பியிருந்தார். ஃபிட்டர் அண்ணன் இரண்டாம் தடவை போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஸ்விட்ச் போட்டாரான்னு கேளு" என்றார். போடவில்லை.

கிரைண்டர் சத்தத்தோடு அந்த வீடே சேர்ந்து வரும். சீரியல் பாட்டு, குக்கர் விசில், பையனைக் கணக்குப் போடச் சொல்லும் அதட்டல். ஒரு பதிவில் மருமகள் எங்களிடம் மரியாதையாக, "அண்ணா, கல்லு ஒரு பக்கமாச் சாயுதுங்ணா" என்று சொல்லிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து மாமியார் குரல், "நாந்தான் அப்பவே சொன்னனே, அந்தக் கடையில எடுக்கவேண்டாம்னு." இதற்கு நான் என்ன பதில் எழுத? ஃபிட்டர் அண்ணன் கண்ணைத் திறக்காமலே, "கல்லுல கோளாறு இல்ல. மேடைதான் சாஞ்சிருக்கு. அடியில அட்டையை மடிச்சு வைக்கச் சொல்லு" என்றார். வைத்தார்கள். மாமியார் இன்னும் சமாதானம் ஆகவில்லை என்று அடுத்த பதிவில் தெரிந்தது.

சத்தத்தோடு நின்றதா? மாவைப் படம் எடுத்து அனுப்பத் தொடங்கினார்கள். இட்லியைப் பாதியாக உடைத்து, உள்பக்கம் தெரிகிற மாதிரி, எக்ஸ்ரே போல. 'கல் மாதிரி வருகிறது, கிரைண்டர் கோளாறா?' இதற்கு ஃபிட்டர் அண்ணனால் ஆகாது. அம்மாவிடம் போகும். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "உளுந்துக்குத் தண்ணிய ஒரேயடியாக் கொட்டிட்டா. தெளிச்சுத் தெளிச்சு உடச் சொல்லு" என்பாள். கோயமுத்தூரில் பி. சபாபதி 1955-இல் கிரைண்டரைக் கொண்டுவந்து ஆட்டுக்கல்லிலிருந்து பெண்களை விடுவித்தார். எழுபது வருஷம் கழித்து அதே ஊரில் என் அம்மாவை உட்காரவைத்து ஊரார் மாவைப் பார்க்கவைத்துவிட்டேன். அவளுக்கு அதில் ரொம்ப சந்தோஷம், அது வேறு.

அப்பா மட்டும் இந்த விளையாட்டில் சேரவில்லை. பேரம் என்பது முகம் பார்த்துச் செய்யவேண்டியது என்பது அவர் கட்சி. வாங்க வந்தவர் கல்லைத் தடவிப் பார்ப்பார், அது ஊத்துக்குளிக் கல்லா என்று கேட்பார், எழுந்து வாசல்வரை போவார். எத்தனை எட்டு வைத்தபிறகு கூப்பிடவேண்டும் என்பதில்தான் வியாபாரம் இருக்கிறது. "போன்ல ஆளு எங்க எந்திரிச்சுப் போறான்? உனக்கு எப்படித் தெரியும்?" என்பார். இந்த வாட்ஸ்அப்பை 2014-இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்ததை ஒருநாள் அவருக்குச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொன்ன வெலைக்கே எடுத்துட்டாங்ளா?" என்று கேட்டார்.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. ஆடியில் ஆரம்பித்து ஒரு வாடிக்கையாளர் என்னை அப்படித்தான் அலைக்கழித்தார். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புள்ளி. படம், மருதமலை முருகன். இரண்டு லிட்டர் டில்டிங் என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். மூன்று நாள் சத்தமில்லை. பிறகு, 'கொறச்சுச் சொல்லுங்க.' நூறு குறைத்தேன். ஒரு வாரம் சத்தமில்லை. நீல டிக் மட்டும் விழுந்து கிடந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. 'சார், இருக்கீங்களா?' என்று நானே கேட்டேன். கடைக்காரன் கேட்கக்கூடாத கேள்வி அது. 'வேற கடையில கொறச்சுத் தர்றாங்க' என்று பதில் வந்தது. முந்நூறு. அப்புறம் நானூறு. பொள்ளாச்சிக்கு இலவச டெலிவரி. கடைசியில், அவர் கேட்காமலே, தேங்காய் துருவியும் சேர்த்துத் தருகிறேன் என்று எழுதினேன். உடனே கட்டைவிரல் வந்தது. 'ஓகே. எடுத்து வையுங்க.' ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை ஒன்பதரை. அப்பா அவர் ஷட்டரைத் தூக்கினார், நான் என்னுடையதை. ஊதுபத்தியைச் சுற்றிக் காட்டிவிட்டு, கல்லாவில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் கண்ணு, தேங்கா துருவி நாம என்ன வெலைக்கு எடுக்கறோம்?"

"ஏனுங்ப்பா?"

"சும்மாத்தான் கேட்டேன்."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். ரேஷன் கார்டுக்கு ஓடிபி வருவதற்காக அக்கா மகன் வாங்கிக் கொடுத்த புது சிம். திரையில் மருதமலை முருகன்.

"பேரு கேட்டுச்சு. என்னத்தப் போடறதுன்னு தெரியல, ஒரு புள்ளி வெச்சுட்டேன்" என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. ஃபிட்டர் அண்ணன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். அவருக்கு முதலிலிருந்தே தெரியும்போல.

"அந்த டில்டிங்க எடுத்து வெக்காத. எனக்கு வேண்டாம்" என்றார் அப்பா. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இதுல ஸ்டார் போடறது எங்கடா இருக்குது?"