ஒரு கரண்டி உறைமோர்

மருமகனே, உன் புதுவீட்டப் பாத்தேன். ஆளுயர மதிலு, வாசல்ல ரெண்டு கேமரா, வர்றவன் மூஞ்சியச் செல்லுல பாத்துட்டுத்தான் கதவத் திறக்குறே. இனி திருடன் வரமாட்டான். சொந்தக்காரனே வர யோசிக்கிறான், அவன் எங்க வரப்போறான்?

அதெல்லாம் சரி. காய்ச்சின பால முன்னால வச்சுக்கிட்டு, உறைக்கு மோரு இல்ல, கடை திறக்கட்டும்னு உக்காந்திருந்தியே, அதப் பாத்துத்தான் எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துச்சு. பக்கத்து வீட்டுல கேளேன்னா, "அவங்க பேரு தெரியாதே மாமா"ங்கிறே. கிண்ணத்த நீட்டுடா, பேரு தானா வரும்.

வெதுவெதுன்னு இருக்கிற பாலுல ஒரு கரண்டி மோர ஊத்தி மூடி வச்சுட்டுத் தூங்குறோம். விடிஞ்சு பாத்தா, சட்டியச் சாச்சாலும் அசையாத தயிரு! ராத்திரி முழுக்க யாருடா முழிச்சிருந்து வேல பாத்தா? 1905-ல ஜெனீவாவுல ஸ்டாமன் கிரிகோரவ்னு ஒரு பல்கேரியாக்காரரு, தன் ஊர்த் தயிர நுண்ணோக்கியில வச்சுப் பாத்து, உள்ள குச்சி குச்சியா கிருமி கிடக்குன்னு சொல்லிட்டாரு. நம்ம சட்டியில கிடக்கிறது வேற வகையா இருக்கலாம், சோலி ஒண்ணுதான். பாலுல இருக்கிற சர்க்கரையத் தின்னு புளிப்பாக்கும், அந்தப் புளிப்புல பாலு இறுகும். அதுல ஒரு கரண்டிய எடுத்து அடுத்த வீட்டுக்குக் குடுத்தா, அங்கயும் போயி அதே வேலையப் பாக்கும். இன்ன வீட்டு மோரு ஆகும், இன்ன தெரு மோரு ஆகாதுன்னு நம்ம பெருசுக பாத்தாக. கிருமி பாக்கல.

யாருகிட்டயும் போய் நிக்க மாட்டேன்னு வீம்பு பிடிச்சா, அதுக்கும் வழி இருக்கு. பச்சமிளகாய்க் காம்பக் கிள்ளிப் பாலுல போடு, மெதுவா உறையும். ஆனா காம்பு வந்து, "என்ன தம்பி, கண்ணு செவந்திருக்கு, ராத்திரி தூங்கலையா"ன்னு கேக்காது. மோரு குடுக்கிற அக்கா கேக்கும். கேக்க வேண்டியதோட, கேக்கக் கூடாததையும் நாலு கேக்கும். பொறுத்துக்கோ, மோருக்கு அதான் விலை.

பொழுதோட போ. விளக்கு வச்ச பொறவு சில வீட்டுல தயிரு, மோரு வெளிய குடுக்க மாட்டாக. அவுக கிண்ணத்துல குடுத்தா, அத வெறுமனே திருப்பாத, ரெண்டு முருங்கக்காயப் போட்டுக் குடு. முக்கியமா, காலிங்பெல்ல அமுக்கிட்டு மேல கேமரா எங்கன்னு தேடாத. அவுக வீட்டுல ஆளுதான் வரும்.