இருபத்து மூன்று பேர் போதும்

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். அமெரிக்காவின் இல்லினாய், ஒஹாயோ பக்கத்துச் சிறுநகரம் எதிலாவது வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு பாருக்குள் நுழையுங்கள். மூலையில் நாலு பேர் கிட்டாரும் டிரம்ஸுமாக வியர்த்துக்கொண்டிருப்பார்கள். எதிரே ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்பார். வயது 60க்கு மேல். டீ ஷர்ட்டில் போட்டிருக்கும் குழுவின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டதே இல்லையென்றால், அவரேதான். கேள்விப்பட்ட பெயர் உள்ள டீ ஷர்ட்டை அவர் வீட்டில் தரை துடைக்கப் போட்டிருப்பார்.

அவர் பவர் பாப் ரசிகர். பீட்டில்ஸ் பாணி மெட்டு, சேர்ந்திசைக்கும் குரல்கள், கொஞ்சம் தூக்கலான கிட்டார், மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துபோகும் காதல் ஏக்கம். சங்கதி அவ்வளவுதான். 1967-இல் இந்தப் பெயரைச் சொன்னவர் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட். அவர் லண்டன்காரராகப் போய்விட்டதில் நம்மவருக்கு லேசான வருத்தம் உண்டு.

மெம்ஃபிஸின் 'பிக் ஸ்டார்' பேச்சை எடுத்தால் அவருக்குக் குரல் தழுதழுக்கும். மளிகைக் கடை ஒன்றின் பெயரைத் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட அந்தப் பையன்கள், 1972-இல் 'நம்பர் 1 ரெக்கார்ட்' என்று தலைப்பு வைத்து ஓர் ஆல்பம் போட்டார்கள். அது கடைகளுக்கே ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. இதைச் சொல்லும்போது பேத்தி மாநிலத்தில் முதலாவதாக வந்த பூரிப்பு அவர் முகத்தில் தெரியும். இல்லினாயின் ஸயான் ஊர் 'ஷூஸ்' இன்னும் ஒசத்தி. 1977-இல் வெளிவந்த 'பிளாக் வினைல் ஷூஸ்' ஆல்பத்தை வீட்டுக் கூடத்திலேயே நாலு டிராக் மெஷினில் பதிவு செய்தவர்கள். "கூடத்துல! சோபாவுக்குப் பக்கத்துல!" என்பார். சோபா அவருடைய இடைச்செருகல் என்று எனக்குச் சந்தேகம்.

கிளீவ்லாந்து 'ராஸ்பெரீஸ்' விஷயத்தில்தான் ஒரு மனத்தாங்கல். அவர்களின் முதல் ஆல்பத்து அட்டையில், சுரண்டினால் ராஸ்பெரி மணக்கும் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. அதுவரை சரி. அந்த 1972-லேயே 'கோ ஆல் தி வே' பாட்டு தேசியப் பாடல் தரவரிசையில் 5-ஆம் இடம் வரை ஏறித் தொலைத்துவிட்டது. ஆனாலும் ஸ்டிக்கரை இன்னமும் முகர்ந்து பார்க்கிறார். ஐம்பது வருஷத்து வாசனை அவருக்கு மட்டும் வருகிறது.

ராக்ஃபோர்டு 'சீப் டிரிக்'கைப் பற்றிக் கேட்காதீர்கள். 1978-இல் டோக்கியோ புடோகான் அரங்கில் பதிவான கச்சேரி அவர்களை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. பாகம் பிரித்துக்கொண்டு போன தம்பியைப்போல், பெயர் சொல்லாமல் "அவங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அறுபதுகளின் பாட்டை வேறொருவர் எடுத்துப் பாடுவதில் அவருக்கென்று தனி நீதி சாஸ்திரம். பாடி ஜெயித்தால் களவு. பாடித் தோற்றால் குருவணக்கம். டாமி ஜேம்ஸின் 'ஐ திங்க் வி ஆர் அலோன் நவ்' 1967-இல் 4-ஆம் இடத்துக்கு வந்தது. 1977-இல் பெர்க்லியின் 'ரூபினூஸ்' பாடி 45-ஆம் இடத்தோடு நின்றார்கள். 1987-இல் டிஃபனி என்ற பதினாறு வயதுப் பெண் பாட, முதலிடம். மூன்றில் எது சிறந்தது என்று அவரைக் கேட்கவே வேண்டியதில்லை. 45-ஐவிட உயர்ந்த எண் அவருக்குத் தெரியாது. நவம்பரில் டிஃபனி இறங்கியதும் அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தது பில்லி ஐடல் பாடிய 'மோனி மோனி'. அதுவும் டாமி ஜேம்ஸ் பாட்டுதான்! அந்த நவம்பரை அவர் வீட்டில் யாரும் நினைவுபடுத்துவதில்லை.

இப்படி ஒருவரோடு நானும் ஒரு ராத்திரி போயிருந்தேன். பார்க்காரரையும் சேர்த்து 23 பேர் என்று எண்ணிச் சொன்னார். திருப்தியான குரல். கடைசிப் பாட்டாக அந்த 'அலோன் நவ்'வை எடுத்தார்கள். பக்கத்து மேசைப் பெண், "ஐயோ, டிஃபனி பாட்டு!" என்று துள்ளினாள். இவர் பொறுமையாகத் திரும்பி, "அம்மா, 1967-இல்..." என்று ஆரம்பித்தார். 1977-ஐத் தொடுவதற்குள் அவள் போனில் படம் பிடித்து அனுப்பி, தெருவில் நின்ற சிநேகிதிகள் எல்லோரையும் உள்ளே அழைத்துவிட்டாள். ஆடத் தொடங்கினார்கள். இவர் மறுபடி எண்ணினார், 31.

கோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். என்னவென்று கேட்டேன்.

"முன்னெல்லாம் நல்லாப் பாடிட்டிருந்தாங்க" என்றார்.