கொடிக்கயிற்று வானிலையியல்: மட்டாஞ்சேரியை முன்வைத்து ஒரு முன்னாய்வு

ஆய்வுக்கு எல்லை வகுப்பது நெறி. ஆகவே கொச்சி நகரத்து மட்டாஞ்சேரியின் பனிப்பொழிவு முன்னறிவிப்பை முதலில் முடித்துவிடுவோம். இவ்வூர்க் குளிர்காலத்தில் பகல் வெப்பம் முப்பது பாகையைத் தாண்டும். இரவு இருபதுக்கு இறங்கவே யோசிக்கும். இங்கே தினமும் காலையில் "இன்று பனி விழாது" என்று அறிவிப்பவர் ஆயுள் முழுக்க நூற்றுக்கு நூறு வாங்கலாம்.

சிரிக்க வேண்டாம், இதற்கு முன்மாதிரி உண்டு. 1884இல் அமெரிக்க ராணுவத்தின் ஃபின்லி என்பவர் தம்முடைய டொர்னாடோ முன்னறிவிப்புகள் 96.6 விழுக்காடு பலித்தன என்று கணக்குக் காட்டினார். கில்பர்ட் என்ற நிலவியல் அறிஞர் அதே கணக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, எல்லா நாளும் "டொர்னாடோ வராது" என்று சொல்லியிருந்தால் 98.2 கிடைத்திருக்கும் என்றார். வாயை மூடிக்கொண்டிருந்தால் மதிப்பெண் கூடும் என்பதை ஒரு துறை அன்று கண்டுகொண்டது. பிற துறைகள் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

பிரிட்டன் வானிலை அலுவலகத்தாரின் அளவுகோல் இன்னும் தாராளமானது: டிசம்பர் 25 அன்று ஒரே ஒரு பனித்துகள் விழுவதை யாராவது கண்டால் போதும், அது வெள்ளைக் கிறிஸ்துமஸ். இதைக் கொச்சிக்குப் பொருத்தினால் மூவகைப் பனி தேறும். ஒன்று, கிறிஸ்துமஸ் குடிலில் ஒட்டி உதிரும் பஞ்சு. இரண்டு, தெர்மகோல். மூன்று, மீன் வண்டியிலிருந்து ரோட்டில் சிந்தும் ஐஸ். மூன்றும் ஆண்டுதோறும் தவறாமல் விழுகின்றன. இத்துடன் பனி முற்றிற்று.

பனி விழும் ஊரில் பனி செய்யும் வேலையை, அதாவது குடும்பத்தை ஜன்னலோரம் நிறுத்திப் பதறவைக்கும் வேலையை, இங்கே செய்வது காயாத துணி. எனவே நம் ஆய்வுப்பொருள் கொடிக்கயிறு.

முன்னோர் ஆய்வு. இந்தப் பகுதி இல்லாமல் எந்தக் கட்டுரையும் ஏற்கப்படாது என்பதால் எழுதுகிறேன். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தம் பிருஹத் சம்ஹிதையில் மேகத்துக்குக் கர்ப்பம் பார்த்தார். கருவுற்று 195 நாளில் பிரசவம், அதாவது மழை. நம் பஞ்சாங்கம் இதைக் கர்ப்போட்டம் என்கிறது. மார்கழியில் சூரியன் பூராடத்தில் நிற்கும் ஏறத்தாழப் பதினான்கு நாளும் பெரியவர்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். டிசம்பர் 28இல் கருவுற்ற மேகம் ஜூலை 11 வாக்கில் பெற வேண்டும். ஜூலையில் மட்டாஞ்சேரி வானத்தில் எந்த மேகத்தைத் தொட்டாலும் பிரசவம்தான். ஆக, தமிழ்நாட்டுப் பஞ்சாங்கம் தமிழ்நாட்டைவிடக் கொச்சிக்கே நன்றாகப் பொருந்துகிறது. இது இக்கட்டுரையின் முதல் கண்டுபிடிப்பு. இதற்கு முன் யாரும் இதைச் சொல்லவில்லை என்று தேடிப்பார்க்காமலே உறுதி கூறுகிறேன். அதுவே துறை மரபு.

கேரளத்து ஞாற்றுவேலக் கணக்கும் சூரியன் எந்த நட்சத்திரத்தில் நிற்கிறது என்று பார்க்கும் கணக்குதான். போர்த்துகீசியர் மிளகுக்கொடியைப் பிடுங்கிக்கொண்டு போனபோது, "கொடியைக் கொண்டுபோகட்டும், திருவாதிரை ஞாற்றுவேலயைக் கொண்டுபோக முடியுமா?" என்று கோழிக்கோட்டு அரண்மனையில் சொன்னதாகக் கதை. மிளகுக்கு அந்த ஞாற்றுவேலயில் பெய்யும் மழை வேண்டும். மிளகு வணிகத்தில் பிழைத்த மட்டாஞ்சேரிக்கும் அது வேண்டும். சட்டைக்கு வேண்டாம்.

ஆய்வுக்களம். மட்டாஞ்சேரியிலிருந்து ஃபோர்ட் கொச்சிப் பக்கம் போனால் வெளி என்னுமிடத்தில் தோபிகானா. டச்சுக்காரர்கள் தங்கள் படையின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் இங்கே துவைக்கிறார்கள். டச்சுக்காரர் போனார், ஆங்கிலேயர் போனார், தமிழ் போகவில்லை. திறந்தவெளியில் வரிசை வரிசையாகக் கயிறு, கிளிப் கிடையாது. முறுக்கிய இரு புரிகளுக்கு நடுவே துணியின் நுனியைச் செருகிவிடுவார்கள், காற்று எவ்வளவு இழுத்தாலும் வராது. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டிகள் அங்கே பறக்கும் அழகைப் பலர் படமெடுத்துப் போகிறார்கள். துணி காயுமா என்று ஒருவரும் கேட்பதில்லை.

நான் கேட்டேன். கயிற்றடியில் நின்ற பெண்மணியிடம், "அக்கா, இன்னைக்கு மழை வருமா?"

"தெரியாது சாரே."

"நீங்க தினமும் வானத்தைப் பாக்குறவங்க..."

"தெரிஞ்சா வீட்ல உக்காந்திருப்பேனே. தெரியாததாலதானே இங்க நிக்கேன்."

நிகழ்தகவு பற்றி இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் வாசித்ததில்லை. களமச்சேரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 619 ஆன்டெனாக்களை வைத்து வானத்தைத் துழாவும் ரேடார் ஒன்றை நிறுவியிருக்கிறது. அதன் தரத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த 619இல் ஒன்றுகூடத் துணியை எடுக்காது.

கருவிகள். 1783இல் ஜெனீவாவைச் சேர்ந்த சொசூர் மனிதத் தலைமுடியைக் கொண்டு ஈரமானி செய்தார். ஈரத்தில் முடி நீளும். முறுக்கிய நார்க்கயிறோ ஈரத்தில் பருத்து, நீளம் குறுகும். ஒரே ஈரத்துக்கு ஒன்று நீள்கிறது, ஒன்று சுருங்குகிறது. இந்த முரணை வைத்து இரண்டு முனைவர் பட்டம் வாங்கலாம். வீட்டளவில் இரண்டையும் மிஞ்சிய கருவி அப்பளம். பொரித்து வைத்த அப்பளம் நமத்துப்போக எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே அன்றைய காற்றின் ஈரம் (எங்கள் மாடிவீட்டு அம்மா, வாய்மொழி). ஆனால் அப்பளம் நமக்கும்வரை மிஞ்சியிருக்க வேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இக்கருவி அளவெடுப்பதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது (மேற்படி அம்மா, வாய்மொழி, திருத்திய பதிப்பு, குரலை உயர்த்தி).

தட்டான் தாழப் பறப்பது, எறும்பு முட்டை தூக்குவது: எல்லாரும் எழுதிவிட்டார்கள், விடுகிறேன்.

இரு மரபுகள். துறையின் மையப் பூசல் இது. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, கடலிலிருந்து வருகிறது. ஆகவே மேற்கு ஜன்னல் மரபினர் கடல் பக்கம் பார்க்கிறார்கள். கருப்பு கட்டுவது தெரிந்து, குளிர்ந்த காற்று ஒருமுறை கன்னத்தில் பட்டால், வாளியோடு மாடிக்கு ஓடச் சில நிமிடம் கிடைக்கும். ஐப்பசியில் துலாவர்ஷம், மலைப் பக்கத்திலிருந்து, பிற்பகலில், இடியோடு வரும். கிழக்கு ஜன்னல் மரபினர் அதைத்தான் மழை என்கிறார்கள். மேற்கு மரபின்படி, இடி இடிப்பது மழையின் இலக்கணமல்ல, வெறும் ஆர்ப்பாட்டம் (மாடிவீட்டு அம்மா, அடுக்களை ஜன்னல் வழியாக, குக்கரின் மூன்றாம் விசிலுக்கும் நான்காம் விசிலுக்கும் இடையே). கிழக்கு மரபின்படி, மேற்கே பார்ப்பவர்களுக்குக் கடல் கண்ணை மறைக்கிறது (அவர் கணவர், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, மறுப்பு: அம்மா, ஐந்தாம் விசிலுக்கு மேல் குரல் கொடுத்து, மறுப்புக்கு மறுப்பு: செய்தித்தாளைப் பக்கம் திருப்பும் சத்தம், இவ்விரண்டையும் தொகுத்து உரை எழுதியவர்: மகள், போனில், பெங்களூரிலிருந்து, "அங்க வெயிலா அம்மா?").

இருவரும் அவரவர் பருவத்தில் சரி என்று சொல்லிவிடலாம். சொன்னால் கருத்தரங்கம் நடத்த முடியாது. பன்னாட்டுக் கருத்தரங்கம் என்றால் தீராத பூசல் ஒன்று, மதியச் சாப்பாடு ஒன்று, லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்று குறைந்தபட்சம் வேண்டும்.

இரு மரபும் ஒன்றுபடும் நிகழ்வு துணியெடுப்பு அலை. ஒரு மாடியில் ஒருவர் துணி எடுத்தால் பக்கத்து மாடியில் எடுக்கிறார்கள், அதைப் பார்த்து எதிர்வீடு, பிறகு தெரு முழுக்க. வானத்தை யாரும் பார்ப்பதில்லை. முதலாமவர் துணி காய்ந்துவிட்டதால் எடுத்திருக்கலாம், கல்யாணத்துக்குக் கிளம்ப எடுத்திருக்கலாம். வீணாக எடுத்தால் படியேறிய களைப்பு மட்டும். எடுக்காமல் நனைந்தால் மறுபடி அலசல், பிழிதல், முடை நாற்றம். எனவே பொய் எச்சரிக்கையே லாபம். மேற்கோள்களும் இப்படித்தான் பரவுகின்றன என்று சிலர் சொல்கிறார்கள். முதல் நூலை யார் படித்தார் என்று கேட்கக் கூடாது.

பள்ளிப் பிள்ளைகளின் ஆய்வுமுறை வேறு: அவர்கள் மேகத்தை விட்டுவிட்டுக் கலெக்டரைக் கவனிக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் எறணாகுளத்தில் கலெக்டரின் மழை விடுமுறை அறிவிப்பு காலை எட்டு மணிக்கு மேல் வந்தது; பல பிள்ளைகள் அதற்குள் பள்ளி போய்ச் சேர்ந்திருந்தார்கள். அந்தத் தலைமுறை இனி முன்னறிவிப்பை நம்புமா என்பது தனி ஆய்வு.

வரையறை. கேரளத்தில் பருவமழை தொடங்கியது என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை சும்மா சொல்லிவிடாது. மே 10க்குப் பிறகு, கொச்சி உள்ளிட்ட 14 நிலையங்களில் 60 விழுக்காடாவது, தொடர்ந்து இரண்டு நாள், 2.5 மி.மீ.க்குக் குறையாத மழை காட்ட வேண்டும். மேலைக்காற்று 600 ஹெக்டோபாஸ்கல் உயரம்வரை எட்ட வேண்டும். பூமியிலிருந்து வெளியேறும் நீளலைக் கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு 200 வாட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். இத்தனையும் கூடி மழை தொடங்கியதாக அறிவிக்கப்படும்போது கொடியிலிருந்த வேட்டி இரண்டு நாளாக நனைந்துகொண்டிருக்கும்.

அதே கறார்த்தன்மையுடன் மட்டாஞ்சேரிக்கு ஒரு வரையறையை முன்வைக்கிறேன். 14 மொட்டைமாடிகளில் 60 விழுக்காடாவது, தொடர்ந்து இரண்டு நாள், கயிறு காலியாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் மின்விசிறிக்கடியில் கட்டிய கயிறு வரவேற்பறை நாற்காலிவரை எட்ட வேண்டும். அப்பளம் சாம்பார் ஊற்றுவதற்குள் நமக்க வேண்டும். வரைவை மாடிவீட்டு அம்மாவின் பார்வைக்கு வைத்தேன். ஏற்றுக்கொண்டார், ஒரு திருத்தம் மட்டும் சொன்னார். ஜமக்காளத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாதாம். அதை எந்த மாதம் நனைத்தாலும் மழை வருமாம்.